மிதக்க வேண்டிய பாறை ஏன் ஒட்டவைத்தது போலத் தெரிகிறது? எண்ணெய்ச் சாயத்தில் சர்ரியலிச நிலக்காட்சி: கோளாறும் கைவைத்தியமும்

சர்ரியலிச நிலக்காட்சி, அதாவது கனவில்போல நடக்காதது நடக்கும் நிலக்காட்சி, பழகுகிறவர்கள் படம் படியாதபோது “எனக்குக் கற்பனை போதாது” என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் கற்பனைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அடியில் சாயம் காய்ந்திருக்காது, அல்லது நிழல் தப்பான பக்கம் விழுந்திருக்கும். இந்த வகைப் படத்தில் ஒரு பொய்தான் செல்லும், அதைச் சுற்றியிருப்பதெல்லாம் மெய்யாக இருந்தால். பாறை மிதக்கலாம். ஆனால் அந்தப் பாறைமேல் படும் வெயில், மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் சாலையோரச் செம்பனைமேல் (எண்ணெய்ப்பனை) படும் அதே வெயிலாக இருக்க வேண்டும்.

ஆகவே கோளாறு தேடும்போது முதலில் சாயப் படலத்தைப் பாருங்கள். அடுத்து வானமும் தூரமும், அதன்பின் நிழல். யோசனையைச் சந்தேகிப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

கீழே உள்ள அளவுகள் 30 × 40 செ.மீ. பலகைக்கு. ஹார்ட்வேர் கடையில் 6 மி.மீ. பிளைவுட் வாங்கி, முன்பக்கம் மூன்று பூச்சும் பின்பக்கமும் ஓரங்களும் ஒரு பூச்சும் ஜெஸ்ஸோ (சாயம் பிடிக்க அடிக்கும் வெள்ளை அடித்தளம்) அடித்து, 220 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தது. பின்பக்கத்தை விட்டுவிட்டால் நம் ஊர் ஈரத்தில் பலகை வளையும். டியூப்கள் ஏழு போதும்: டைட்டானியம் ஒயிட், அல்ட்ராமரின், எல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், அலிசரின் கிரிம்சன், ஐவரி பிளாக். சின்ன ஊரில் இவை கிடைக்காவிட்டால் ஈப்போவில் வாங்கலாம், அஞ்சலிலும் வரவழைக்கலாம். பெரிய பலகைக்கு ஆசைப்பட வேண்டாம். சர்ரியலிச ஓவியர் டாலி 1931இல் வரைந்த உருகும் கடிகாரங்களின் படமே 24 × 33 செ.மீ. தான்.

“பத்து நாளாச்சு, இன்னும் கையில ஒட்டுது”

சுவர்ச் சாயம் நீர் ஆவியாகிக் காய்கிறது. எண்ணெய்ச் சாயம் அப்படியில்லை. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்து இறுகுகிறது. காற்று இல்லாத இடத்தில் அது இறுகாது, வெளிச்சம் குறைந்தால் தாமதமாகும்.

எந்த இடம் ஒட்டுகிறது என்று முதலில் விரல்நுனியால் தொட்டுப் பாருங்கள். கறுப்பும் அலிசரினும் மட்டும் ஒட்டினால் கோளாறே இல்லை. ஐவரி பிளாக், அலிசரின் இரண்டும் ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். பர்ன்ட் அம்பரில் மாங்கனீசு இருப்பதால் மெல்லிய பூச்சு ஓரிரு நாளில் காய்ந்துவிடும். அடிப்பூச்சுக்கு அம்பரைச் சொல்வது அதனால்தான்.

படம் முழுக்க ஒட்டினால், என்ன எண்ணெய் கலந்தீர்கள் என்பதுதான் கேள்வி. சுற்றிலும் செம்பனைத் தோட்டம், அடுப்படியில் பாக்கெட் பாக்கெட்டாகச் சமையல் எண்ணெய். ஆளிவிதை எண்ணெய் தீர்ந்துபோனால் கை அங்கேதான் போகும். செம்பனை எண்ணெய் காயவே காயாது. எண்ணெய் இறுகுமா என்பதை அதன் அயோடின் எண் காட்டிக்கொடுக்கும்: ஆளிவிதைக்கு 170க்கு மேல், செம்பனைக்கு 50 சொச்சம். தேங்காய் எண்ணெய் இன்னும் மோசம். பேபி ஆயிலும் அந்தக் கணக்குத்தான். கலந்துவிட்டால் காத்திருப்பதில் பயனில்லை. பேலட் கத்தியால் வழித்தெடுத்து, மணமற்ற மினரல் ஸ்பிரிட் (சாயத்தை இளக்கும் திரவம், கீழே ஸ்பிரிட் என்பது இதைத்தான்) தோய்த்த துணியால் ஜெஸ்ஸோ தெரியும்வரை துடைத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

சரியான எண்ணெய்தான், ஆனால் படம் அலமாரிக்குள் இருந்தது என்றால் வெளியே எடுத்து, சன்னல் வெளிச்சமும் விசிறிக் காற்றும் உள்ள அறையில் சுவரில் சாய்த்து வையுங்கள். உச்சி வெயிலில் வைக்காதீர்கள், பலகை முறுக்கும். இருட்டில் கிடந்த வெள்ளை மஞ்சளித்திருந்தால் அதுவும் வெளிச்சத்தில் பெரும்பாலும் திரும்பிவிடும்.

அவசரக்காரர்களுக்கு அல்கைட் மீடியம் இருக்கிறது. சாயத்தில் ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் மெல்லிய பூச்சு மறுநாளே தொடும் பதத்துக்கு வரும்.

“மேல்தோல் சுருங்கிப் பாலாடை மாதிரி இருக்கு”

எண்ணெய் அதிகம், பூச்சும் தடிமன். மேலே தோல் கட்டி, உள்ளே ஈரம் இருந்து, பிறகு உள்ளது இறுகும்போது தோல் மடிகிறது. ஈரத்தில் தொடாதீர்கள். முழுக்கக் காய விட்டு, சுருக்கத்தைச் சீவி, 400 நம்பர் தாளைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்துச் சமமாக்குங்கள். முகமூடி கட்டிக்கொள்ளுங்கள்.

“மேலே வெடிப்பு விடுது”

மெலிந்ததன்மேல் கொழுத்தது, அதாவது எண்ணெய் குறைந்த பூச்சின்மேல்தான் எண்ணெய் கூடிய பூச்சு. இந்த ஒரு விதியை மீறினால் வெடிக்கும். கீழ்ப்பூச்சில் எண்ணெய் அதிகமாக இருந்தால் அது மெதுவாக அசைந்துகொண்டே காயும். மேலே உள்ள எண்ணெய் குறைந்த பூச்சு சீக்கிரம் விறைத்துக்கொண்டு, அந்த அசைவைத் தாங்காமல் பிளக்கும்.

தேக்கரண்டிக் கணக்கில் சொன்னால், முதல் பூச்சுக்குச் சாயமும் ஸ்பிரிட்டும் மட்டும். இரண்டாவதுக்கு ஒரு கரண்டி ஆளிவிதை எண்ணெய்க்கு இரண்டு கரண்டி ஸ்பிரிட். மூன்றாவதுக்குச் சரிபாதி. கடைசியில் கண்ணாடிபோல் போடும் மெல்லிய நிறப்பூச்சுக்கு இரண்டு எண்ணெய், ஒரு ஸ்பிரிட். ஹார்ட்வேர் கடைத் தின்னரை இதில் சேர்க்காதீர்கள், கீழே காய்ந்த பூச்சையே கரைத்துவிடும். மண்ணெண்ணெய் பிரஷ் அலசுவதற்கு மட்டும்.

விதிப்படி செய்தும் வெடித்தால் வெள்ளை டியூபின் முதுகைப் பாருங்கள். ‘பிடபிள்யூ 4’ என்று இருந்தால் அதில் சிங்க் ஒயிட் இருக்கிறது. காலப்போக்கில் அது முறுகலாகி உரியும். ‘பிடபிள்யூ 6’ மட்டும் உள்ளதை வாங்குங்கள். எண்ணெய்மேல் அக்ரிலிக் அடித்திருந்தாலும் உரியும். அக்ரிலிக்மேல் எண்ணெய் அடிக்கலாம், மாற்றிச் செய்யக் கூடாது.

“சாயம் பிடிக்காம, சேம்பிலைத் தண்ணி மாதிரி உருண்டு நிக்குது”

கீழ்ப்பூச்சு வழவழப்பாகிவிட்டது. 600 நம்பர் தாளால் ஒரு தடவை தடவி, தூசு துடைத்து, அடுத்த பூச்சைப் போடுங்கள்.

“ஒரு பக்கம் மினுக்குது, ஒரு பக்கம் செத்துக் கிடக்கு”

அடிப்பூச்சு மேல்சாயத்தின் எண்ணெயை உறிஞ்சிவிட்டது. அம்பரும் கறுப்பும் உள்ள இடத்தில்தான் இது அதிகம். மங்கிய இடத்தைப் பார்த்து நிறம் தப்பிவிட்டது என்று நினைத்து மேலும் கறுப்பு ஏற்றுகிறவர்கள் உண்டு. அப்புறம் அந்த மலை குகை வாயாகிவிடும். காய்ந்த படத்தில் எண்ணெயும் ஸ்பிரிட்டும் சரிபாதி கலந்து, பஞ்சில் ஒற்றி, மங்கிய இடத்தில் மட்டும் தேய்த்து, பத்து நிமிடம் கழித்து எச்சமில்லாமல் துடையுங்கள். நிறம் எழுந்து வரும். அதற்குப் பிறகு முடிவெடுங்கள்.

“வானம் வரி வரியா, படிக்கட்டு மாதிரி வருது”

கனவு நிலத்துக்கு வானம்தான் பாதிப் படம். வரி விழுவதற்குக் காரணம் பிரஷ் என்று நினைப்பார்கள். உண்மையில் பேலட்டில்தான் தப்பு நடக்கிறது. வரைந்துகொண்டே நிறம் கலந்தால் படி விழத்தான் செய்யும். பிரஷ் எடுக்கும் முன்பே ஐந்து குவியல்களைக் கலந்து வைத்துவிட வேண்டும்.

நீலத்துக்கு வெள்ளை, மேலிருந்து கீழாக: ஒன்றுக்கு இரண்டு, ஒன்றுக்கு நான்கு, ஒன்றுக்கு எட்டு, ஒன்றுக்குப் பதினாறு. ஐந்தாவது குவியலில் நீலமே இல்லை. வெள்ளையில் ஓக்கர் ஒரு பொட்டு. ஒவ்வொரு படியிலும் நீலம் பாதியாகக் குறைவதைக் கவனியுங்கள். ஒரே அளவாகக் குறைத்துக்கொண்டு போனால் மேலே மாற்றமே தெரியாது, கீழே வந்ததும் சட்டென்று வெளுக்கும்.

ஐந்தையும் பட்டையாகப் பூசுங்கள். இரண்டு பட்டை சேரும் இடத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் குட்டிக் கோடுகள் இழுங்கள். பிறகு 5 செ.மீ. அகல மென்மயிர் பிரஷைக் காய்ந்தபடி எடுத்து, சாயத்தைத் தொட்டும் தொடாமலும் கிடையாக வருடுங்கள். மூன்று வருடலுக்கு ஒருமுறை துணியில் துடைக்க வேண்டும். துடைக்காத பிரஷ் கீழ்வெள்ளையை மேலே கொண்டுபோய்ப் புது வரி போடும். முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு நகருங்கள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வருடினால் சேறுதான்.

அடிவானத்தில் பச்சை வந்துவிட்டதா? நீலமும் ஓக்கரும் நேரே சந்தித்திருக்கும். நடுவில் வெள்ளையில் அலிசரின் ஊசிமுனையளவு கலந்த வெளிறிய ரோசாப் பட்டை ஒன்று வையுங்கள். மழை விட்ட சாயங்காலம் மேற்கே பார்த்தால் இந்தப் பட்டை பல நாள் தெரியும்.

“தூரம் வரலே, எல்லாம் மூஞ்சிக்கு முன்னால நிக்குது”

இதில் மூன்று கோளாறுகள் கலந்திருக்கும்.

ஒன்று, அடிவானக் கோடு தப்பான உயரத்தில் இருப்பது. தோட்டத்து ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் நேரும். கண்ணுக்கு அடிவானமே தெரிவதில்லை, மரம் மறைத்துவிடுகிறது. மர உச்சியையே அடிவானம் என்று எண்ணிக் கோட்டை மேலே ஏற்றிவிடுவார்கள். சமதரையில் நிற்பவரின் அடிவானம் அவர் கண்மட்டத்தில்தான். கண்மட்டம் 1.6 மீட்டர், மரம் 8 மீட்டர் என்றால், மரம் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் அதன் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு கோட்டுக்குக் கீழே, நான்கு பங்கு மேலே. பக்கத்து மரத்தில் இந்தக் கணக்கு ஒத்துவந்து தூரத்து மரத்தில் வராவிட்டால், அந்த மரம் பூமிக்குள் புதைந்தோ அந்தரத்தில் தொங்கியோ தெரியும். அந்த மாயத்தை நீங்கள் கேட்கவில்லையே!

இரண்டு, வரிசை கோணுவது. முடிவில்லாத செம்பனை வரிசை கனவு நிலத்துக்கு அருமையான தரை. ஆனால் கட்டம் போட்ட தரைபோல் வரைந்தால் பார்ப்பவர் நம்ப மாட்டார். செம்பனையை முக்கோணத்தில் நடுவார்கள். மரத்துக்கு மரம் 9 மீட்டர் விட்டால் வரிசைக்கு வரிசை 7.8 மீட்டர் வரும், ஹெக்டருக்கு 142 மரத்தைத் தொடும். முக்கோணம் என்பதால் வரிசை இரண்டு திசையில் அல்ல, மூன்று திசையில் ஓடும், ஒவ்வொன்றுக்கும் இடையே 60 பாகை. மூன்றுக்கும் மூன்று மறைபுள்ளி (வரிசைகள் தூரத்தில் ஒன்றுசேர்வதுபோல் தெரியும் இடம்), மூன்றும் ஒரே அடிவானக் கோட்டில்.

ஒரு வரிசையை நேரே பார்ப்பதாக வைத்தால் அதன் மறைபுள்ளி படத்தின் நடுவில். மற்ற இரண்டும் பலகைக்கு வெளியே போய்விடும். படத்தை 50 செ.மீ. தள்ளி நின்று பார்ப்பதாக எடுத்துக்கொண்டால், நடுப்புள்ளியிலிருந்து இடமும் வலமும் 87 செ.மீ. தூரத்தில் அவை விழும். பலகையைச் சுவரோடு சாய்த்து, அந்த இரண்டு இடத்திலும் ஆணி அடித்து நூல் கட்டி இழுத்துப் பாருங்கள். நூலோடு ஒத்துப்போகாத மரத்தைத் துடைத்துவிடுங்கள்.

மூன்று, நிற அடுக்கு. தூரத்துக் குன்றை வானத்துக்குக் கடன்பட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் குன்றின் நிறத்தில் நான்கில் ஒரு பங்கு அடிவான நிறம், அடுத்ததில் பாதி, கடைக்கோடியில் முக்கால். பாடாங் ரெங்காஸ் பக்கம் குனோங் போண்டோக்கைக் காலைப் பனியில் ஒருமுறையும் பத்து மணிக்கு ஒருமுறையும் பார்த்தால் ஒரே சுண்ணாம்புக்கல் குன்று இந்தக் கடனை எப்படி வாங்கித் திருப்பிக் கொடுக்கிறது என்று புரியும். சர்ரியலிச ஓவியர் ஈவ் தாங்கியின் படங்களில் தரை எங்கே முடிந்து வானம் எங்கே தொடங்குகிறது என்றே சொல்ல முடியாது. கடனை முழுதாக ஏற்றியதன் விளைவு அது. அடிவானத்தில் கோடு தெரிந்தால், ஈரமாக இருக்கும்போதே காய்ந்த பிரஷால் ஒரு வருடல் போதும்.

“பாறை மிதக்கலே, ஒட்டவச்ச மாதிரி இருக்கு”

அதிகம் பேர் சிக்கிக்கொள்ளும் இடம் இது. நான்கு சோதனைகள், இந்த வரிசையிலேயே.

தரையில் நிழல் இருக்கிறதா? இல்லாவிட்டால் அது மிதக்கவில்லை, வெறுமனே மேலே இருக்கிறது. உயரத்தைச் சொல்வது பாறையல்ல, நிழலுக்கும் பாறைக்கும் உள்ள இடைவெளிதான்.

நிழல் சரியான தூரத்தில் விழுகிறதா? சூரியன் 45 பாகையில் இருந்தால், 5 மீட்டர் உயரத்தில் மிதக்கும் பாறையின் நிழல், அதன் நேர் கீழிலிருந்து 5 மீட்டர் தள்ளி விழும். 30 பாகைக்கு இறங்கினால் 8.7 மீட்டர். 15 பாகையில் 18 மீட்டரைத் தாண்டிவிடும். சர்ரியலிசம் என்றாலே நீண்ட நிழல் என்று நினைத்து எல்லோரும் அந்திச் சூரியனை வைக்கிறார்கள். பிறகு பாறையின் நிழல் பலகைக்கு வெளியே போய்விடுகிறது, அதற்குப் பதிலாக நேர் கீழே ஒரு கறுப்பு வட்டம் போடுகிறார்கள். அங்கேதான் படம் கெடுகிறது. மிதக்கும் பொருள் வேண்டுமா, சூரியனை 45 பாகைக்கு ஏற்றுங்கள். அந்தி வெளிச்சம்தான் வேண்டுமா, பாறையை ஒரு முழ உயரத்துக்கு இறக்குங்கள். ஒரு முழம் மிதப்பதுதான் கூடுதல் விசித்திரமாகவும் இருக்கும்.

சந்தேகமிருந்தால் திடலில் ஒரு குச்சி நட்டுப் பாருங்கள். நம் பக்கம் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குவதால், மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போது நிழல் குச்சியைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு இருக்கும்.

நிழலின் ஓரம் எப்படி இருக்கிறது? தரையைத் தொடும் பொருளின் நிழல் தொடும் இடத்தில் கத்திபோல் கூராக இருக்கும். மிதக்கும் பொருளின் நிழலுக்கு அந்தக் கூர்மை எங்கேயும் கிடையாது. சூரியன் வானத்தில் அரைப் பாகை அகலம் இருப்பதால், 10 மீட்டர் தள்ளி விழும் நிழலின் ஓரம் 9 செ.மீ. அகலத்துக்கு மங்கும். நிழல் ஓரத்தைக் காய்ந்த பிரஷால் ஒருமுறை கலைத்தாலே பாறை மேலே எழும்பும். ஒரே தொடுதலில் இவ்வளவு மாற்றம் தருவது வேறு எதுவும் இல்லை.

பாறையின் அடிவயிறு என்ன நிறம்? கறுப்பு என்றால் தப்பு. வெயில் பட்ட தரை வெளிச்சத்தை மேலே அனுப்புகிறது. கீழே செம்மண் சாலை என்றால் அடிவயிற்றில் அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் சரிபாதி, கூடவே சியன்னா இன்னொரு சிட்டிகை. புல் என்றால் ஓக்கர் சாய்ந்த பசுமை. நிழல் விழுந்த தரைக்கு நேரே மட்டும் அந்த வெளிச்சம் குறையும்.

“ஒற்றி எடுத்தா ஒரே கொழகொழ”

சர்ரியலிச ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் பாறையும் பாசியும் வரவழைக்கப் பயன்படுத்திய ஒற்றியெடுக்கும் முறையைப் பழகுபவர்களுக்கு. சாயம் கெட்டிப்பால் பதத்தில் இருக்க வேண்டும், அதைவிட இளகினால் வழியும், இறுகினால் ஒட்டாது. ஃபைல் அட்டையின் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கை வைத்து, உள்ளங்கையால் ஒரே ஒருமுறை அழுத்தி, மூலையைப் பிடித்து நேரே மேலே உரியுங்கள். பக்கவாட்டில் இழுத்தால் கிளைகள் நசுங்கிவிடும். கீழே உள்ள பூச்சு முற்றும் காய்ந்திருக்க வேண்டும். வந்த உருவங்களில் மூன்றில் இரண்டு பங்கை வான நிறத்தால் மூடிவிடுங்கள். எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள ஆசை வரும், விட்டுவிட்டால்தான் மிச்சம் பாறையாகும்.

ஈசல், பூஞ்சை, துணி

மழை விட்ட ராத்திரியில் விளக்குப் போட்டு வரைந்தால் ஈசல் வந்து வானத்தில் ஒட்டும். விரலால் எடுக்காதீர்கள், இறகு கிழிந்து பரவும். உடலைச் சாமணத்தால் எடுத்து, இறகை விட்டுவிட்டு, சாயம் காய்ந்தபின் காய்ந்த பிரஷால் தட்டுங்கள்.

கேன்வாஸ் முதுகில் சாம்பல் பூஞ்சை பூத்தால் வெளியே கொண்டுபோய், முகமூடி கட்டி, உலர்ந்த பிரஷால் தட்டி, முதுகில் அரைமணி இளவெயில் காட்டுங்கள். ஸ்பிரிட் ஊற்றாதீர்கள். திரும்ப மாட்டும்போது நான்கு மூலையிலும் சின்னத் தக்கை ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றுக்கு இடம் விடுங்கள்.

ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடவே போடாதீர்கள். இறுகும்போது எழும் சூடு சுருட்டலுக்குள் தேங்கித் தானே தீப்பிடிக்கும். மூடியுள்ள மைலோ டின்னில் தண்ணீர் ஊற்றி அதில் அமிழ்த்துங்கள்.

வார்னிஷ் பால்போல் வெளுத்தால் ஈரக் காற்றில் அடித்திருக்கிறீர்கள். ஆறு மாதம் காய்ந்த படத்துக்கு, மழை இல்லாத நாளில் முற்பகல் பத்து, பதினொரு மணிக்கு அடியுங்கள். நாலு மணி மழைக்கு முன்னால் அது இறுகியிருக்க வேண்டும்.

“எல்லாமே விசித்திரமாத்தான் இருக்கு, ஆனா ஒண்ணும் விசித்திரமா இல்லே”

இப்போதுதான் யோசனையின் முறை. பறக்கும் மீன், உருகும் கோபுரம், வாசலில்லாத கதவு, ஒற்றைக் கண், எல்லாம் ஒரே பலகையில். திருவிழாக் கடைத்தெரு மாதிரி எதுவும் எதையும் கவனிக்க விடாது.

தபாலட்டை அளவில் காகிதத் துண்டு ஒன்றை எடுத்து, ஒவ்வொரு பொருளையும் முறையே மூடிப் பாருங்கள். மூடியபோது படம் அமைதியானால் அந்தப் பொருள் போக வேண்டியது. மூடியபோது படம் சாதாரணத் தோட்டக் காட்சியாகிவிட்டால் அதுதான் உங்கள் பொய், அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பாதையும் உண்டு: புதிதாக எதையும் சேர்க்காமல், உள்ளதிலேயே ஒன்றை மாற்றுவது. லயத்து வீட்டு வரிசையில் ஒரு வீட்டின் நிழல் மட்டும் எதிர்ப்பக்கம் விழட்டும். ரப்பர் பால்மரத்துச் சிரட்டையில் வானம் தேங்கி நிற்கட்டும். பகலும் இரவும் ஒரே படத்தில் வேண்டுமென்றால் ஓவியர் மாக்ரித் செய்ததுபோல் வானத்தைப் பகலாகவும் தெருவை இரவாகவும் பிரித்துவிடுங்கள், அதற்கு மேல் ஒரு மாயமும் சேர்க்காதீர்கள்.

தள்ளுபடியான பொருள்களை மேலே பூசி மறைத்தால் அவற்றின் ஓரம் பக்கவெளிச்சத்தில் மேடாகத் தெரியும். கத்தியால் மேட்டைச் சீவி, 400 நம்பர் தாளைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, துடைத்து உலர்த்திவிட்டு, சுற்றியிருக்கும் பூச்சுக்கு என்ன எண்ணெய் அளவோ அதே அளவில் வானத்தைத் தொடருங்கள்.